குனிகிற நடுவர்

ரால்ஃப் டெல்ஃபர் குனிந்தால் எங்களுக்கெல்லாம் கெட்ட காலம். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்தில் நாய்ப் பந்தயத்துக்குப் போகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மனுஷன் நிமிர்ந்து நடக்கிற வரைக்கும் பிழைத்தோம். குனிந்தால் தீர்ந்தது. யாரோ ஒருத்தருடைய நாய் அன்றைக்கு அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பந்தயம் என்றதும் ஓட்டப் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் நாய்கள் ஓடி யாரையும் முந்த வேண்டியதில்லை. துப்பாக்கிக்காரர்கள், நாய்க்காரர்கள், நடுவர்கள் எல்லாரும் ஒரே வரிசையாக டர்னிப் கிழங்கு வயலில் நடப்போம். கவுதாரி எழும்பும், சுடுவார்கள், எங்கேயோ விழும். அதுவரை நாய் காலடியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவர் அந்த நாயின் எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் போய்த் தேடி எடுத்து, ஒரு எலும்பும் நொறுங்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இதற்காக முப்பது வருஷம் குளிரில் நின்று என் இரண்டு முழங்காலும் போய்விட்டன.

விழுந்த பறவை முதல் நாய்க்குக் கிடைக்கவில்லை என்றால் அடுத்த நாயை அனுப்புவார்கள். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் நடுவர்களே நடந்து போய்த் தேடுவார்கள். இங்கேதான் வில்லங்கம். நடுவர் கையில் பறவை அகப்பட்டுவிட்டால், இத்தனை நேரம் இங்கேதான் கிடந்தது, உங்கள் நாய்க்கு மூக்கு இல்லை என்று அர்த்தம். தேடின நாய்கள் எல்லாம் வெளியே. நடுவருக்கும் கிடைக்கவில்லை என்றால் யார் மேலும் குற்றமில்லை, பந்தயம் நடக்கும். ஆகையால் நாகரிகம் தெரிந்த நடுவர் என்ன செய்வார்? போவார், பூட்ஸ் காலால் நாலு புல்லை உதைப்பார், வானத்தை ஒரு தரம் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவார். எல்லாரும் மூச்சு விடுவோம்.

ரால்ஃபுக்கு அந்த நாகரிகம் கிடையாது. தேடு என்றால் தேடுவார். சுட்டவரிடம் போய், எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது, இறகு பறந்ததா, தலை தொங்கியதா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன இறகை எடுத்துப் பறக்க விட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிறகு நடப்பார், நிற்பார், நடப்பார். நாங்கள் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருப்போம். பின்னால் வண்டியில் சூப் ஆறிக்கொண்டிருக்கும்.

அவருக்குத் தொழில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. மலைப்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்குகிற வேலை, முப்பத்தோரு வருஷம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு தடவை தலை எண்ணுவார். ஒரு தடவை சீட்டுக்கடியில் ஒரு ஒற்றைக் கையுறை கிடந்தது என்று நாலு மைல் பனியில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சீட்டில் உட்காருகிற பெண்ணின் அம்மா கதவைத் திறந்து, "இது எங்க வீட்டுது இல்லையே" என்று சொல்லியிருக்கிறாள். மனுஷன் அடுத்த பண்ணைக்குப் போனார்.

எனக்குக் கடைத்தெருவில் கறிக்கடை. அப்பா வைத்தது, இப்போது மூத்த மகள் நானும் என் தம்பியும் நடத்துகிறோம். ரால்ஃப் சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை வறுவலுக்கு ஒரு கோழி வாங்க. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? மாட்டார். பந்தயத்தில் நாய் கொண்டுவந்த பறவையை நடுவர்கள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விலாவைத் தடவிப் பார்ப்பார்கள், நாய் கடித்து நொறுக்கியிருக்கிறதா என்று. அந்தப் பழக்கம் அவருக்குக் கடையிலும் போகாது. தட்டில் இருக்கிற அத்தனை கோழியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி விலாவை அழுத்திப் பார்ப்பார். வரிசையில் நிற்கிற பெண்கள் என்னை முறைப்பார்கள்.

"யோவ், அதை எந்த நாயும் தூக்கிட்டு வரல. நானே வெட்டினது" என்பேன்.

"தெரியும் டோரீன். சும்மா பாத்தேன்" என்பார். கடைசியில் முதலில் எடுத்த கோழியையே வாங்கிக்கொண்டு போவார்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷம்தான் பந்தயத்துக்கு வந்தோம், ஒரே வயசு. என்னைவிட அவர் நல்ல நாய்க்காரர். இதை நான் மனசில்லாமல்தான் சொல்கிறேன். அவர் பழக்கின நாய்கள் சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் ஒரு நாயைக்கூட அவர் சாம்பியன் ஆக்கியதில்லை. இரண்டு பெரிய பந்தயம் ஜெயித்தால் நாயின் பெயருக்கு முன்னால் சாம்பியன் என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் கணக்கு. ரால்ஃபுக்கு அது ஏன் வாய்க்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் பிராம்பிள் கதையைக் கேளுங்கள்.

பிராம்பிள் அவருடைய மூன்றாவது நாய், பெண். ஒரு பெரிய பந்தயத்தில் கடைசி ஐந்தில் நின்றது. ஒரு முயல் காலடியில் பாய்ந்து ஓட, பிராம்பிள் தொண்டைக்குள் இத்துனூண்டு முனகியது. நாய் முனகினால் வெளியே, அது சட்டம். ஆனால் நடுவர் கிழவருக்குக் காது மந்தம், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று சும்மா இருக்க வேண்டுமா இல்லையா? ரால்ஃப் கையைத் தூக்கினார்.

"ஐயா, என் நாய் முனகிடுச்சு."

"என்னது?"

"என் நாய் முனகிடுச்சுங்க ஐயா!"

"என்னப்பா சொல்ற? சத்தமாச் சொல்லு!"

"என் நாய் முனகிடுச்சு!" என்று மனுஷன் கத்தினது அடுத்த பள்ளத்தாக்கு வரைக்கும் கேட்டிருக்கும். அதைக் கேட்டு இன்னும் இரண்டு நாய்கள் குரைத்து அவையும் வெளியே போயின. அவர் மனைவி மேவிஸ் வீட்டுக்கு வந்து நாய்க்குச் சோறு வைத்தாள், அவருக்கு வைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனைப் பிடித்து நடுவராகப் போட்டார்கள். எங்கள் தலையெழுத்து.

இனி என் ஜூனோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கறுப்பு லாப்ரடார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாய் முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. தொண்ணூற்று ஆறில் அவளுக்கு ஆறு வயசு. அக்டோபரில் ஒரு பந்தயம் ஜெயித்திருந்தாள். இன்னும் ஒன்று போதும். நவம்பர் கடைசியில் பிளாக்ஷா எஸ்டேட்டில் நடந்த பந்தயத்தில் சாயங்காலம் மூன்று நாய்கள் மிச்சம், மூன்றில் ஜூனோதான் மேலே. எனக்கும் தெரியும், மற்ற இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியாக ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிப் பெட்டை ஒன்று சுடுபட்டு, மார்பளவு கல் சுவரைத் தாண்டி விழுந்தது. ஜூனோவை அனுப்பினேன். தேடினாள், தேடினாள், கிடைக்கவில்லை. இரண்டாவது நாய்க்கும் கிடைக்கவில்லை. நடுவர்கள் இரண்டு பேர் சுவர் ஏறிப் போனார்கள். ஒருவர் ஹாரி என்கிற கிழவர், தங்கமான மனுஷர், நாலு புல்லை உதைத்துவிட்டுத் திரும்பினார். இன்னொருவர் ரால்ஃப்.

சுவர் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அவர் நிற்பது புதுசா என்ன? எங்கே போனாலும் கம்பம் நட்ட மாதிரி நிற்கிறவர்தானே. பிறகு திரும்பி எங்கள் பக்கமாக இரண்டு அடி வைத்தார். வெறும் கை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜூனோவின் தலையில் கையை வைத்து, "சாம்பியன்டீ" என்று அவள் காதில் சொல்லிக்கூட விட்டேன்.

அந்த மனுஷன் மறுபடி திரும்பிப் போய்க் குனிந்தார்.

முள்செடிக்குள்ளிருந்து எடுத்த பெட்டையைக் கொண்டுவந்து, சட்டப்படி என்னிடம் காட்டினார். "மன்னிச்சுக்கோ டோரீன். சுவரை ஒட்டிக் கிடந்துச்சு. இன்னும் சூடாத்தான் இருக்கு" என்று என் கையில் வேறு வைத்தார். இன்னும் சூடாகத்தான் இருக்கிறதாம்! செத்து ஆறிப்போன பழைய பறவை இல்லை, இன்று சுட்டதுதான் என்று எனக்கு ருசுப்படுத்துகிறாராம்.

"உன் கண்ணுக்கு மட்டும் எப்படிய்யா எல்லாம் தெரியுது? பாவி" என்றேன்.

அடுத்த மார்ச்சில் ஜூனோவுக்குப் பின்னங்கால் நரம்பு அறுந்தது. அதற்கப்புறம் அவள் பந்தயத்துக்குப் போகவில்லை. கடையின் பின்கட்டில் படுத்துக்கொண்டு எலும்பு கடித்தாள், கிழவியானாள், செத்துப்போனாள். பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லாமலே போனாள். எனக்கு ஆறவில்லை. குனிந்ததைக்கூட மன்னித்திருப்பேன். வந்த மனுஷன் திரும்பிப் போனானே, அந்த இரண்டு அடியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போனால் போகிறது என்று வந்துவிட்டு, ஐயோ, ஒரு நாயைத் தப்பவிட்டு விட்டோமே என்று திரும்பிப் போனான் பார்! அப்படித்தான் நான் நினைத்தேன். பதின்மூன்று வருஷம் நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மட்டும் தவறாமல் வந்து கோழியை அழுத்துவார். ஒரு தடவை தட்டிலேயே கிழடான கோழியை எடுத்துக் கட்டி நீட்டினேன். பிரித்து, அழுத்திப் பார்த்து, "இது முட்டையிட்டு ஓஞ்சது டோரீன்" என்று திருப்பி வைத்துவிட்டார்.

நானும் பிறகு நடுவர் ஆனேன். நான் ஹாரி கட்சி. போவேன், உதைப்பேன், வருவேன். ஆனால் ஒரே ஒரு ஆசை மட்டும் மனசுக்குள் இருந்தது. ரால்ஃபின் நாய் தேடிக் கிடைக்காத பறவையை அவர் கண் முன்னால் குனிந்து எடுக்க வேண்டும். எடுத்து வந்து அவர் கையில் வைத்து, "இன்னும் சூடாத்தான் இருக்கு" என்று சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும்போது அதை நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணினார். டிசம்பர் பந்தயத்துக்கு ஒரு நடுவருக்குக் காய்ச்சல், நீ வர முடியுமா என்று. யார் யார் நாய் விடுகிறார்கள் என்று கேட்டேன். பட்டியலில் நாலாம் எண் ரால்ஃப் டெல்ஃபர், நாய் மோஸ். "வரேன்" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

மோஸைப் பற்றி ஊருக்கே தெரியும். கறுப்பு, ஆண், ஏழு வயசு. அந்த அக்டோபரில் ஒரு பந்தயம் ஜெயித்திருந்தான், இன்னும் ஒன்று போதும். ரால்ஃபுக்கு இரண்டு இடுப்பு எலும்பும் தேய்ந்துபோய் பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கப்புறம் உழுத வயலில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேவிஸ் கடைக்கு வந்தபோது சொன்னாள்.

"இதுதான் கடைசி நாய், கடைசிப் பந்தயம். இருபத்தெட்டு வருஷமா ஒரு சாம்பியனுக்காக நானும் டிசம்பர் குளிர்ல நிக்கிறேன் டோரீன். இந்த மனுஷன் தன் வாயாலேயே கெடுத்துக்காம இருந்தாப் போதும்."

அன்றைக்குப் பிளாக்ஷாவில் கடுமையான உறைபனி. பறவையின் வாசனை தரையில் நிற்காத நாள், நல்ல மூக்குள்ள நாயும் தடுமாறும். என்னோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்ல வந்தவர் ஹியூ, பக்கத்து மாவட்டத்துக்காரர், சிரித்த முகம், யாரையும் புண்படுத்த மாட்டார். ரால்ஃப் கையில் நாலாம் எண் பட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு தடியை ஊன்றி, ஒவ்வொரு பாத்திக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தார். காலையில் நான்கு பறவை, நான்கையும் மோஸ் போய் எடுத்து வந்ததைப் பார்த்தபோது என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்த பறவைகளின் விலாவைத் தடவினேன். ஒரு கோடு இல்லை. அவன் நிற்கிற நிலையில் ஜூனோ தெரிந்தாள். அதற்கும் சேர்த்து எனக்கு ரால்ஃப் மேல்தான் எரிச்சல் வந்தது.

மத்தியானம் வண்டியோரமாக சூப் குடித்துக்கொண்டிருந்தபோது மனுஷன் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டோரீன், அந்த மூணாவது பறவைக்கு நீ எண்ணைச் சொல்றதுக்கு முன்னாடியே மோஸ் ஒரு அடி வச்சுட்டான். நீ பாத்தியா?"

"பாக்கல."

"வச்சான். ஒரு அடி."

"நான் பாக்காதது நடக்கல. வாயை மூடிட்டு சூப்பைக் குடி."

"இல்ல, குறிச்சுக்கணும்னா..."

"யோவ் ரால்ஃப்! மேவிஸ் அங்க பாத்துட்டு நிக்கிறா. இன்னும் ஒரு வார்த்தை பேசினே, இந்தப் பானை சூப்பையும் உன் தலையில ஊத்துவேன். நடுவர் சொல்றேன், போ!"

போனார். போகும்போது, "ஒரு அடிதான், ஆனா வச்சான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டேதான் போனார்.

இரண்டரை மணிக்கு நான்கு நாய்கள் மிச்சம். மோஸ் மற்றவற்றைவிட எங்கோ மேலே. அடுத்து நின்றது கம்பர்லாந்துக்காரர் ஒருவரின் செம்பட்டை நாய். மற்ற இரண்டும் காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ரகம். இன்னும் ஒரு பறவை, அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று ஹியூ சொன்னார். வரிசை நகர்ந்தது. ஒரு கவுதாரி எழும்பியது. வலது ஓரத்துத் துப்பாக்கிக்காரர் சுட்டார். அறுபது கெஜம் தள்ளி, வாய்க்கால் ஓரமாகக் காய்ந்துபோன பெரணிப் புதருக்குள் விழுந்தது.

"நாலாம் எண்" என்றேன்.

ரால்ஃப் மோஸை அனுப்பினார். நாய் நேராகப் போய்ப் புதருக்குள் மூக்கை வைத்தது. சுற்றியது, திரும்பியது, மறுபடி சுற்றியது. ரால்ஃப் விசில் ஊதி நிறுத்தி, கையைக் காட்டி, மறுபடி விட்டார். ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நான்தான் கூப்பிடச் சொன்னேன். அடுத்துச் செம்பட்டை நாய் போய் அதே இடத்தை உழுதது. ஒன்றுமில்லை.

நானும் ஹியூவும் போனோம். ஹியூ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இரண்டு புதரை உதைத்தேன். மூன்றாவதை உதைக்கக் காலைத் தூக்கினபோது பார்த்துவிட்டேன்.

வாய்க்கால் விளிம்பில் ஒரு புல்முண்டு, அதற்கு அடியில் ஒரு பொந்து. பொந்துக்குள் மூன்று சின்ன இறகு, பழுப்பாக ஒரு சிறகு. பெரணி இலையும் அதுவும் ஒரே நிறம். இரண்டு நாய்களும் அதன் மேலேயே மிதித்துப் போயிருக்கின்றன.

பதின்மூன்று வருஷம் ஆசைப்பட்டது என் பூட்ஸ் நுனியில் கிடந்தது. என்னால் குனிய முடியவில்லை.

"இங்க ஒண்ணும் இல்ல டோரீன்" என்று ஹியூ வாய்க்காலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். "பாத்தாச்சு. வா போலாம். எனக்குக் கை விறைச்சே போச்சு."

அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. காலை எடுத்து வைத்தால் போதும். மோஸ் சாம்பியன். ரால்ஃப் நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போவார், மேவிஸ் ஒரு தடவையாவது சிரிப்பாள். யாருக்கு நஷ்டம்? கொட்டாவி விடுகிற இரண்டு நாய்களுக்கா? ஹாரியாக இருந்தால் இந்நேரம் பாதி தூரம் போயிருப்பார். நானே எத்தனை தடவை போயிருக்கிறேன்! ஆனால் அப்போதெல்லாம் நான் பறவையைப் பார்த்ததில்லை. தேடாமல் இருப்பது வேறு, பார்த்துவிட்டு வருவது வேறு. இந்த வித்தியாசத்தை என் மண்டையில் ஏற்றினது யார்? அந்த மனுஷன்தான். எனக்கு அழுகையாக வந்தது. நாசமாய்ப் போன பட்டத்தைக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்து கோழியை அழுத்தும்போது எந்த முகத்தோடு எதிரே நிற்பது? அந்த விரல் என்னையே அழுத்திப் பார்க்கிற மாதிரி இருக்காதா?

ஒரு அடி பின்னால் வைத்தேன். அப்புறம் குனிந்தேன். முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது.

அறுபது கெஜம் கவுதாரியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் ரால்ஃப் கையிலிருந்த எண் பட்டியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார். மோஸ் வாலை ஆட்டினான், அவனுக்கு என்ன தெரியும்.

"எங்க இருந்துச்சு?" என்றார்.

"வாய்க்கால் விளிம்புல. பொந்துக்குள்ள."

"ரெண்டு தடவை அதைத் தாண்டினான். இன்னும் ஒரு கெஜம் இடப்பக்கமா நான் விட்டிருக்கணும்." கையை நீட்டினார். "சூடா இருக்கா?"

பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்த வார்த்தை என் வாயில் வரவில்லை. பறவையை அவர் கையில் வைத்தேன். அவரே சிறகுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு" என்றார். தொப்பியைத் தொட்டு மரியாதை காட்டிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வண்டிகளின் பக்கம் நடந்தார். மோஸ் காலை ஒட்டியே போனான்.

மேவிஸ் வேடிக்கை பார்க்கிறவர்களோடு கயிற்றுக்கு அப்பால் நின்றாள். நான் தாண்டிப் போகும்போது தணிந்த குரலில்தான் கேட்டாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்கள்ல யாராவது குருடா இருந்திருக்கக் கூடாதா?" கொட்டாவி நாய்களில் ஒன்றுக்குக் கோப்பையைக் கொடுத்தோம். அதன் சொந்தக்காரி கோப்பையை வாங்கிக்கொண்டு, தப்பாக யாரோ கூப்பிட்டுவிட்டார்களோ என்கிற மாதிரி முழித்தாள்.

சனிக்கிழமை வந்தது. வரமாட்டார் என்று தம்பி சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கொஞ்சம் வேண்டுதலாகவும் இருந்தது. பத்து மணிக்குக் கடை மணி அடித்தது.

தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, தட்டில் இருந்த ஐந்து கோழியில் முதல் கோழியைத் தூக்கி விலாவை அழுத்தினார். வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார். எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு எலும்பு வெட்டலாம் போல இருந்தது.

"ஏன் அவ்வளவு நேரம் நின்ன?" என்றார், கோழியைப் பார்த்துக்கொண்டே.

"என்ன?"

"வாய்க்கால்கிட்ட. குனியறதுக்கு முன்னாடி."

"முழங்கால் வலி."

மூன்றாவது கோழியை அழுத்தினார். "ஒரு அடி பின்னாலகூட வச்ச."

"வலிச்சா வைக்கத்தான் செய்வாங்க!"

"சரி" என்றார். நாலாவது கோழி. "நானும் நின்னேன் டோரீன். ஜூனோ அன்னிக்கு."

"நீ எப்பவும் நிக்கிறவன்தானே. தேடறேன் தேடறேன்னு எங்க உயிரை எடுத்துட்டு."

"தேடல. சுவர் ஏறி இறங்கினதுமே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் நின்னேன்."

வெட்டுக்கத்தியைக் கட்டையில் வைத்தேன்.

"ஹாரி வா வான்னு கூப்பிட்டார். நல்ல நாய், வயசு ஆறாச்சு, போனாப் போகுதுன்னு நானும் கிளம்பிட்டேன். ரெண்டு அடி வச்சுட்டேன்" என்றார். "அதுக்கு மேல கால் வரல. நீ வேற நாய் காதுல என்னமோ சொல்லிட்டிருந்த."

கடையில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். எனக்கு அவர்கள் ஞாபகமே இல்லை. "பதிமூணு வருஷம்யா!" என்று கத்தினேன். "பதிமூணு வருஷம் உன்னை மனசுக்குள்ள வறுத்து எடுத்திருக்கேன்! நாய் ஒரு அடி வச்சா ஊருக்கே தமுக்கு அடிக்கிறியே, நீ வச்ச ரெண்டு அடியை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

ரால்ஃப் ஐந்தாவது கோழியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பதில் தேடுகிற மாதிரி.

"நீ கேக்கலையே" என்றார்.

பிறகு அந்த ஐந்தாவதை வைத்துவிட்டு முதல் கோழியை எடுத்து நீட்டினார். காகிதத்தில் சுற்றினேன். கண் மறைத்தது, கயிறு கைக்கு அகப்படவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப் போனேன்.

"இறுக்கிக் கட்டாத டோரீன்" என்றார். "விலா உடைஞ்சிடும்."

தளர்த்திக் கட்டினேன்.